வாடகைக்கு இருப்பவர்

மார்ச் 2, சனி

பெரிய மூப்பரின் கீழ்ப் பல் செட் இரண்டாக உடைந்து, ஒரு கைக்குட்டைக்குள் சுற்றி வந்தது. பல் டாக்டர் அதை என் மேசையில் வைத்துவிட்டு, அவசரமாம், நாளைக்குச் சபையில் மனுஷர் பேச வேண்டுமாம் என்றார். டாக்டர் முன்னறையில் அளவு எடுப்பார். பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல்லை வரிசை பிடித்து, வேகவைத்து, தேய்த்து, மெருகு போடுவது நான். எங்கள் சபையில் பாதிப் பேரின் வாயில் இருப்பது என் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிரிக்கும்போது எது சொந்தச் சிரிப்பு, எது நான் செய்து கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானத்துக்குள் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். என்ன பேசப் போகிறார் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாத்தியார் காலண்டர் முன்னால் நிற்கிறார். மார்ச் பிறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, மே மாதத்தைப் புரட்டி வைத்திருக்கிறார். "பத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை வருது, பார்த்தியா?"

பார்த்தேன். பார்க்காத மாதிரி சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

மார்ச் 3, ஞாயிறு

ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் பீடத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். அதனால் என் தலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. இருபத்தேழு வருடமாக இந்தச் சபையை நான் அதில்தான் பார்த்து வருகிறேன்.

காணிக்கைக்கு முன்னால் போதகர் வழக்கம்போல, இந்த வாரம் திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் முன்னே வரலாம் என்றார். மூன்று ஜோடி வந்தது. எத்தனையாவது வருடம் என்று ஒவ்வொரு ஜோடியையும் கேட்டார், தலையில் கைவைத்து ஜெபித்தார், நான் ஒரு சரணம் வாசித்தேன், சபை எழுந்து நின்று பாடியது. ஐந்து நிமிஷ வேலை. வாத்தியாருக்கு வேண்டியது அந்த ஐந்து நிமிஷம்தான். மோதிரம் கேட்கவில்லை, விருந்து கேட்கவில்லை. போன வருடம் மே 19, பதிவாளர் அலுவலகத்தில் டாக்டரையும் வரவேற்பு மேசைப் பெண்ணையும் சாட்சியாக வைத்து நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கும்போதே சொன்னார்: "கவர்மெண்டுக்குச் சொல்லியாச்சு. கடவுளுக்கு முன்னாடியே தெரியும். நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் சொல்லணும்."

நடுவில் இருக்கிறவர்கள் இன்று வாசலில் மேசை போட்டிருந்தார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் முடிக்கலாம் என்ற சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு மனு. அதைப் பற்றித்தான் பெரிய மூப்பர் இருபது நிமிஷம் பேசினார். ஒரு எழுத்து வழுக்கவில்லை, ஒரு இடத்தில் எச்சில் தெறிக்கவில்லை. நல்ல வேலை. நான் செய்தது.

வாத்தியார் மேசையைத் தாண்டும்போது மூப்பர் தன் பேனாவையே நீட்டினாராம். "உங்க பேனா எனக்குக் கைக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் ஆர்கனைப் பூட்டுகிற சாக்கில் மேசையை எடுக்கும்வரை உள்ளேயே இருந்தேன்.

மார்ச் 13, புதன்

போதகர் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் பாதி இடத்தை ஜெராக்ஸ் இயந்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதில் நான்.

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஆர்கன்காரன் என்று ஆராதனையில் வேலை செய்கிற எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூப்பரின் யோசனை. சபை ஏற்காத உறவு எதிலும் நான் இல்லை என்று ஒரு வரி. என் வீட்டில் உறவினர் அல்லாத யாராவது வசித்தால் அவர் யார், எந்த முறையில் வசிக்கிறார் என்று இன்னொரு வரி. அதற்கு எதிரே கோடு போட்ட இடம்.

இரண்டாவது வரி யாருக்காக என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். சபையின் குடும்பப் பதிவேட்டில் பத்தொன்பது வருடமாக என் பெயருக்குக் கீழே இருப்பதைத்தானே எழுதப் போகிறீர்கள் என்றார். அதில் இருப்பது: மாடியில் வாடகைக்கு இருப்பவர்.

"இது சும்மா ஒரு சம்பிரதாயம் அண்ணே. டிராயர்ல வெச்சுப் பூட்டிடுவேன், யாரும் பார்க்க மாட்டாங்க. எனக்குத் தெரியாம இல்ல. மனசுக்குள்ள உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

மனசுக்குள்! இந்தச் சபையில் எல்லாருக்கும் எங்கள்மேல் பிரியம் மனசுக்குள்தான் இருக்கிறது. வாய்க்கு வரும்போது அது வேறு என்னவோ ஆகிவிடுகிறது.

வெள்ளிக்குள் வேண்டுமாம். இல்லையென்றால் ஆர்கன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். கோடு போட்ட இடத்தில் 'வாடகைக்கு இருப்பவர்' என்று எழுதினேன்.

மார்ச் 17, ஞாயிறு

வாத்தியாரிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். இன்னொரு தடவை நானே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன்.

ஏன் போட்டேன்? பயமா? வேலை போய்விடாது, அதற்குப் பல் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் என் நடையைப் பார்த்துச் சிரிக்காத பையன் கிடையாது. நான் பேசினால் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் முதலாக ஆர்கன் பெஞ்சில் ஏறி உட்கார்ந்த அன்றுதான் யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்தவனின் நடையை யார் பார்க்க முடியும்? முதுகு மட்டும் தெரியும். பாட்டு மட்டும் கேட்கும். அதை விட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எதை விட்டுக் கொடுத்தேன் என்று இந்த நோட்டில்கூட எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம், இருபதாம் தேதி, அவர்கள் ஊர் ஆலயத்தில். "நீ வந்து வாசிச்சாத்தான் எனக்குக் கல்யாணம் மாதிரி இருக்கும் தம்பி. ஆனா தனியா வந்துடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி."

எந்த மாதிரி என்று கேட்டேன். உனக்கே தெரியும், ஏன் என் வாயைக் கிளறுகிறாய் என்றாள். தினமும் எனக்காக உபவாசம் இருக்கிறாளாம். நான் மாற வேண்டும் என்றுதான். பதினெட்டு வருடமாகக் காலைச் சாப்பாட்டைத் தியாகம் செய்கிறாள், பாவம். சர்க்கரை வந்ததுதான் மிச்சம்.

அந்தப் பெண்ணுக்கு உலகப் படத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார். விடுமுறைக்கு வந்தால் அவர் முதுகில் ஏறிக்கொண்டு கண்டம் கண்டமாகப் போவாள். அவர் முப்பது வருடம் புவியியல் நடத்தியவர். எங்கேயும் கூட்டிக்கொண்டு போவார்.

ஏப்ரல் 20, சனி

என் சட்டையை வாத்தியார்தான் தேய்த்துக் கொடுத்தார். பழைய பெரிய வரைபடப் புத்தகத்தை, அவர் மேசையிலேயே பத்திரமாக வைத்திருந்ததை, கல்யாணப் பெண்ணுக்கு என்று காகிதத்தில் சுற்றித் தந்தார். பிறகு, அவள் எங்கெங்கே போக ஆசைப்பட்டாளோ அங்கெல்லாம் பென்சிலில் வட்டம் போட்டிருக்கிறது, சொல்லிவிடு என்றார்.

வாசித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். கடைசியில் பெண் என்னைத் தனியாகப் பிடித்து, வாத்தியார் மாமா ஏன் வரவில்லை என்று கேட்டாள். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

கால் வலி என்றேன்.

வரைபடப் புத்தகம் அக்கா வீட்டுப் பரணில் ஏறிவிடும் என்று தோன்றியது. அதனால் கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவரிடம், வாங்கிக்கொண்டாள், ரொம்பச் சந்தோஷப்பட்டாள் என்று சொல்லிவிட்டேன். புத்தகம் இப்போது என் பல் அறையில், பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

மே 3, வெள்ளி

ஈறில் அழுத்துகிறது என்று மூப்பர் வந்தார். டாக்டர் செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கொஞ்சம் தேய்த்தால் போதும். நான் தேய்க்கிற வரைக்கும் அவர் நாற்காலியில் வாய் குழிந்து, அடையாளம் தெரியாத ஒரு கிழவராக உட்கார்ந்திருந்தார். இந்த மனிதருக்கா பயந்தோம் என்று இருந்தது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அடுத்த ஞாயிறு பேச்சு நின்றுவிடும். கை அப்படிப் போகவில்லை. சரியாகத்தான் தேய்த்தேன்.

மாட்டிக்கொண்டு, கடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கதவருகில் நின்று, "உங்க வாடகைக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டார்.

டிராயருக்கு எத்தனை சாவி என்று போதகரிடம் கேட்டிருக்க வேண்டும்.

மே 11, சனி

வாத்தியார் சாம்பல் நிறத்தில் புதுச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். எனக்கும் ஒன்று, அதே நிறம்.

வேண்டாம் என்றேன். ஆலயத்தில் சீன் போட வேண்டாம், இந்த வயதில் நமக்கு எதற்கு, நாலு பேர் சிரிப்பார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வகுப்பில் மோசமான பையன் பதில் சொல்லும்போது கேட்பாரே, அந்தப் பொறுமை. அதிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க கை வெச்சு ஜெபிச்சாத்தான் உங்களுக்குக் கல்யாணமா? அப்ப நான் போட்ட கையெழுத்து?" என்று கத்தினேன்.

எந்தக் கையெழுத்தைச் சொல்கிறேன் என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது.

அவர் சொன்னது: "எனக்காக இல்லப்பா. நம்மளை மாதிரி ஒருத்தன் அங்க கடைசி வரிசையில உக்கார்ந்திருப்பான். அவன் பார்க்கணும். நீ வரலைன்னாலும் நான் போய் நிப்பேன்."

மே 18, சனி

நாளைக்கு ஆலயத்தில் கரண்ட் போனால் நன்றாக இருக்கும்.

மே 19, ஞாயிறு

கரண்ட் போகவில்லை.

நான் பழைய வெள்ளைச் சட்டை. அவர் சாம்பல். மூன்றாவது வரிசையில், எப்போதும் உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்தார். போதகர், திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் வரலாம் என்றார். இரண்டு ஜோடி போனது. பிறகு கண்ணாடியில் சாம்பல் சட்டை எழுந்தது. தனியாக நடந்து போய், வரிசையின் கடைசியில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றது.

போதகர் முதல் ஜோடியைக் கேட்டார், பதினொன்று. அடுத்த ஜோடி, முப்பத்து நாலு. பிறகு வேறு வழியில்லாமல் இவரைப் பார்த்தார்.

"முதல் வருஷம் ஐயா" என்றார் வாத்தியார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும். வகுப்பெடுத்த குரல்.

அவர் ஆர்கன் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவைகூட. நான் வருவதென்றால் நானாக வரட்டும் என்று விட்டுவிட்டார். பெஞ்சிலிருந்து இறங்கி இருபது அடி நடக்க வேண்டும். இருபதே அடி. எல்லாரும் பார்க்க, என் நடையில்.

பெரிய மூப்பர் முதல் வரிசையில் எழுந்தார். சத்தமே போடவில்லை. "ஐயா, இவர் அந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிறவர். ஆர்கன்காரரே கைப்பட எழுதிக் குடுத்திருக்கார். தாள் இருக்கு." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியாரின் முதுகைத்தான் கண்ணாடியில் பார்த்தேன். அது அசையவில்லை. போதகர் அவசரமாக, இங்கே நிற்கிற எல்லாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்று பொதுவாக ஒரு ஜெபம் சொல்லி, ஆமென் போட்டு, தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். அது எனக்கான ஜாடை. சரணம்.

வாசித்தேன்.

நாலு வரியும் வாசித்தேன். சபை பாடியது. ஒரு சுரம் பிசகவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடருக்காகச் சேவல் கூவியதாம். எனக்கு யார் கூவ வேண்டும்? தாள் ஒன்று, கால் வலி இரண்டு, சரணம் மூன்று. மூன்றாவதற்கு நானே இசையும் போட்டேன்.

அவர் வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மூன்றாவது வரிசைக்குத் திரும்பி, பிரசங்கம் முழுவதும் கேட்டு, திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கி, வாசலில் போதகருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"நல்லா வாசிச்சே" என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

மே 20, திங்கள்

பீடத்துக்குப் பூ வைக்கும் அம்மா காலையில் வந்தார். நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து ஒரு வாளியில் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவரோடு பெரிய பேச்சு இருந்ததில்லை. மனுவில் ஏழாவது கையெழுத்து அவருடையது, நான் பார்த்தேன்.

என்னைத் தாண்டி நேரே மாடிக்குப் போனார். அந்த அம்மா சொல்வதைக் கீழே நின்று கேட்டேன். "கல்யாண நாள் பூ வாத்தியாரய்யா. நேத்தே உங்க கையில குடுத்திருக்கணும். நான் கையெழுத்தெல்லாம் போட்டவதான். எனக்கு அதெல்லாம் புரியல. ஆனா நேத்து நீங்க ஒத்தையா நின்னது எனக்குப் பொறுக்கல."

திரும்பிப் போகும்போது என் முகத்தைப் பார்த்தார். பூ ஒன்றும் தரவில்லை.

மே 27, திங்கள்

மாடியறையில் வரைபடச் சுருள்களும் பழைய பரீட்சைத் தாள்களும்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வாத்தியார் ஒரு கட்டில் போட்டுக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் அங்கே அவர் படுத்ததே கிடையாது.

இன்று சமையலறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் அவர், கையில் குடத்தோடு. "தண்ணி பிடிச்சுக்கலாங்களா?" என்றார்.

என்னை! இந்த வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றியதே அவர்தான். என்ன வாத்தியாரே இது என்றேன். கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். கேலி இல்லை. நான் நகருகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார். எழுதிக் கொடுத்ததை உண்மையாக்கிக் காட்டுகிறார்.

ஜூன் 9, ஞாயிறு

வாத்தியார் இப்போதும் ஆலயத்துக்கு வருகிறார். தனியாக, எனக்குப் பத்து நிமிஷம் முன்னால். எதற்கு இன்னும் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அது ஒன்றும் மூப்பரின் வீடு இல்லையே என்றார்.

ஆராதனை முடிந்ததும் எனக்குப் பாராட்டு. இருபத்தேழு வருட சேவை, ஒரு கடிகாரம். மூப்பர் என் தோளில் கைபோட்டு, சோதனையில் உறுதியாக நின்றவர் என்றார். கைதட்டினார்கள். எதிரே அத்தனை வாயிலும் என் பல். கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் பார்த்தேன், ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது வரிசையும் கைதட்டியது. மரியாதைக்கு, இரண்டு தட்டு.

கடிகாரம் பையிலேயே கிடக்கிறது. த்தூ.

ஜூன் 12, புதன்

டாக்டரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு போதகரிடம் போனேன். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது சபைக் குழுவுக்குப் போய்விட்டதாம். அப்படியானால் வெள்ளைத் தாள் ஒன்று கொடுங்கள் என்றேன். ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து உருவிக் கொடுத்தார்.

அந்த இயந்திரத்தின் மேலேயே வைத்து எழுதினேன். என் வீட்டில் வசிப்பவர் வாடகைக்கு இருப்பவர் அல்ல. அவர் என் கணவர், நான் அவருடைய கணவன். போன வருடம் மே 19 முதல் சட்டப்படி, அதற்கு முன் பதினெட்டு வருடம் சட்டத்தைக் கேட்காமல். முன்பு எழுதிக் கொடுத்தது பொய். கையெழுத்து கோணலாக வந்தது.

"இதை நான் வாங்கினா குழுவுல வெச்சாகணும் அண்ணே. அப்புறம் மூப்பர் வாயை என்னால மூட முடியாது."

"அந்த வாயே நான் செஞ்சதுதான் ஐயா. பேசட்டும்."

ஆர்கன் சாவியை அவர் மேசையில் வைத்தேன். அவர் அழுதார். மனசுக்குள் இல்லை, வெளியிலேயே. ஆனால் சாவியை எடுத்து டிராயரில் போடவும் மறக்கவில்லை.

வாத்தியாரிடம் எல்லாம் சொன்னேன், மாடிப்படியில் நின்று. வரைபடப் புத்தகத்தையும் மாவைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதன் கதையோடு. கால் வலி என்று சொன்னதைச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு என்ன வேண்டுமாம், உடனே மன்னிப்பா? இருபதடி நடக்க ஒரு மாதம் எடுத்தவனுக்கு?

ஜூன் 16, ஞாயிறு

மூன்றாவது வரிசையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்துதான் போனேன், நடுப்பாதை வழியாக. எங்கள் பெஞ்சில் இருந்த குடும்பம் எழுந்து பின்னால் போய்விட்டது. பாட்டுக்கு யாரோ லேப்டாப்பில் இசை போட்டார்கள். சபை ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று ஓடியது. பாட்டுப் புத்தகத்தை அவர் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரிதான் பிடித்திருந்தார்.

ஜூலை 8, திங்கள்

சபைக் குழுவிலிருந்து கடிதம். உறையின்மேல் எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன, என்னுடையது முதலில், ஒரே வரியில். சபை முத்திரை குத்தியிருந்தது. நான் பிரிக்காமல் மாடிக்கு எடுத்துப் போனேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். மேற்கண்ட இருவரும் கணவர்களாக ஒன்றாக வாழ்ந்து வருவதைச் சபை அறிந்திருப்பதால், இருவரும் திருவிருந்தில் பங்குபெறவும், எந்த ஊழியம் செய்யவும், ஆசீர்வாதத்துக்காக முன்னே வரவும் இனி இடமில்லை. கீழே மூப்பர் கையெழுத்து. அதற்குக் கீழே போதகர், சின்னதாக.

அவர் இன்னொரு தடவை படித்தார், முதல் பாதியை மட்டும்.

"சொல்லிட்டாங்க பார்த்தியா" என்றார். "வெளியில தள்ளுறதுக்காவது சொல்லித்தானே ஆகணும்." சிரித்தார். ஐம்பது நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன், நல்ல சிரிப்பு இல்லை அது. பிறகு கடிதத்தை மடித்து வரைபடப் புத்தகத்துக்குள் வைத்தார். திருவிருந்து இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெறும் பெஞ்சு போனது. அவருக்கு அது சாப்பாடு.

நான் இறங்கி வந்து டீ போட்டேன். இரண்டு டம்ளர், வழக்கம்போல. ஒன்று தினமும் ஆறித்தான் போகிறது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாத்தியார் உள்ளே வந்துவிட்டார்.